முந்திப் படிக்கும் பிள்ளைகள் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். என் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். கணக்கு, அறிவியல் புத்தகங்களைப் பள்ளி திறந்த ஓரிரு மாதங்களிலேயே படித்து முடித்துவிடுகிறாள். அதன்பிறகு வகுப்பில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தண்டனையாக இருக்கிறது. ஊட்டிக்கு அருகே முத்தோரையில் உள்ள ரேடியோ தொலைநோக்கியை ஏன் மலைச்சரிவில் அமைத்தார்கள் என்று கேட்டதற்கு, பரீட்சைக்கு வராததைக் கேட்காதே என்று சொல்லிவிட்டார்களாம். உடன் படிப்பவர்கள் 'படிப்ஸ்' என்று கேலி செய்கிறார்கள். மதியம் சாப்பிடும்போதும் சேர்த்துக்கொள்வதில்லை. இத்தனைக்கும் அவள்தான் வகுப்பு லீடர். டபுள் புரமோஷன் கேட்கலாமா?

ஒரு தாய், கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

அவள் தனித்துப்போனதற்கு அந்த லீடர் பொறுப்பே முதற்காரணமாக இருக்கக்கூடும் என்று நினைக்கிறேன். ஆசிரியர் இல்லாத நேரத்தில் பேசுகிறவர்களின் பெயரைக் கரும்பலகையில் எழுதுவதும், அப்போதும் அடங்காதவர்களின் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போடுவதும், வீட்டுப்பாட நோட்டு வைக்காதவர்கள் யார் யார் என்று சொல்வதும்தான் நம் பள்ளிகளில் லீடரின் வேலை. காலையில் தன்னால் திட்டு வாங்கியவர்களோடு மதியம் எந்தப் பிள்ளையால் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட முடியும்? போதாக்குறைக்கு, "அவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுங்கள்" என்று வகுப்பு முழுவதற்கும் சொல்லும் ஆசிரியர், பாராட்டுவதாக எண்ணிக்கொண்டு அவளுக்குப் பகையைத் தேடிக் கொடுக்கிறார். வகுப்பாசிரியரைச் சந்தித்து, முதலில் இந்தப் பொறுப்பிலிருந்து அவளை விடுவிக்கச் சொல்லுங்கள்.

அவளுடைய சலிப்பு நியாயமானது. இத்தகைய பிள்ளைகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் லீட்டா ஹாலிங்வொர்த், வழக்கமான வகுப்பில் அவர்களுடைய நேரத்தில் பாதியோ அதற்கு மேலோ வீணாகிறது என்று எழுதினார். நம் வகுப்பறைகளில் அதற்கும் மேலே ஒரு கொடுமை உண்டு. கணக்கை வேறு வழியில் சரியாகப் போட்டாலும், புத்தகத்தில் உள்ளபடி போடவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிடுவார்கள். சொந்தமாக யோசிப்பதே தவறு என்று பிள்ளை முடிவுகட்டிக்கொள்ளும்.

டபுள் புரமோஷனில் எனக்குத் தயக்கம் உண்டு. அடுத்த வகுப்பிலும் அதே முறை, அதே வேகம்தான். அந்தப் புத்தகத்தையும் சீக்கிரமே முடித்துவிட்டு, இம்முறை தன்னைவிட மூத்தவர்கள் நடுவே காத்திருப்பாள்.

அவள் கேட்டது மிக நல்ல கேள்வி. 1970இல் செயல்படத் தொடங்கிய அந்தத் தொலைநோக்கி 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்டது. அது நிற்கும் சரிவு வடக்குத் தெற்காகச் சுமார் 11 பாகை சாய்ந்திருக்கிறது. ஊட்டியின் அட்சரேகையும் ஏறக்குறைய அதுவே. அதனால் தொலைநோக்கியின் நீண்ட அச்சு பூமியின் சுழலச்சுக்கு இணையாக அமைந்து, அந்த ஓர் அச்சில் திருப்பிக்கொண்டே ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகத் தொடர முடிகிறது. அதை உருவாக்கிய வானியலாளர் கோவிந்த் ஸ்வரூப்பும் அவருடைய குழுவினரும் இப்படியொரு சரிவைத் தேடித்தான் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள்.

இந்த 11 பாகையை அவளே அளக்கலாம். ஜாமெட்ரி பாக்ஸில் உள்ள கோணமானியின் மையத்தில் நூலைக் கட்டி, நுனியில் ஒரு சிறு கல்லைத் தொங்கவிட்டு, நேர்விளிம்பின் வழியாகத் துருவ நட்சத்திரத்தைப் பார்க்க வேண்டும். நூல் 90இலிருந்து எத்தனை பாகை விலகுகிறதோ அதுவே நட்சத்திரத்தின் உயரம், அதுவே உங்கள் ஊரின் அட்சரேகை. நட்சத்திரம் தாழ்வாகத்தான் தெரியும் என்பதால் வடக்கே மேடு மறைக்காத இடமாகப் பாருங்கள். முதல் சில முறை விடை தவறும். எட்டாம் வகுப்புப் புத்தகம் அவளுக்குத் தராத அனுபவம் அது. குறிபார்க்கிறவளே இருட்டில் நூலையும் படிப்பது கடினம், டார்ச்சோடு இன்னொருத்தி வேண்டும். அவளைக் கேலி செய்யாத ஒரு பெண்ணாவது அந்த வகுப்பில் இருப்பாள். மேகமில்லாத ஒரு பனிக்கால இரவில், அந்தப் பெண்ணின் வீட்டாரிடம் நீங்களே பேசி அழைத்து வாருங்கள்.