பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் ஒன்றா? ஸ்ட்ரிங் ஒப்பீடு: கேள்வி பதில்

கேள்வி: பெரிய, சின்ன எழுத்து வேறுபாடு பார்க்காமல் ஒப்பிட, இரண்டு ஸ்ட்ரிங்கையும் (எழுத்துத் தொடரையும்) சின்ன எழுத்தாக்கி ஒப்பிட்டால் போதாதா சார்?

பதில்: ஆங்கிலம் மட்டும் என்றால் ஓடும். துருக்கி மொழியில் மாட்டிக்கொள்வீர்கள். அங்கே புள்ளி வைத்த 'ஐ', வைக்காத 'ஐ' என இரண்டு தனி எழுத்துகள். ஆங்கிலத்தின் பெரிய 'ஐ'யை அந்த முறைப்படி சின்னதாக்கினால் புள்ளியில்லாததுதான் வரும். சின்ன எழுத்தாக்கும் ஜாவாவின் டுலோயர்கேஸ், லோக்கேல் (எந்த மொழி, நாட்டின் முறை என்ற குறிப்பு) எதுவும் கொடுக்காவிட்டால், ஓடுகிற கணினியின் மொழி அமைப்பையே பின்பற்றும். பெரிய எழுத்தில் வந்த 'டைட்டில்' துருக்கி அமைப்புள்ள கணினியில் உங்கள் கோடில் உள்ள சின்ன எழுத்து 'டைட்டில்' உடன் சேராது. உங்கள் கணினியில் எல்லா டெஸ்ட்டும் பாஸ் ஆகும், அதுதான் கொடுமை. எந்த மொழியையும் சாராத லோக்கேல் ரூட் கொடுங்கள், அல்லது எழுத்தளவு பாராமல் ஒப்பிடும் ஈக்குவல்ஸ்இக்னோர்கேஸ் எழுதுங்கள். அது லோக்கேலைப் பார்ப்பதே இல்லை. சி ஷார்ப் என்றால் ஆர்டினல்இக்னோர்கேஸ்.

கேள்வி: பைதானில் லோயர் இருக்கும்போது கேஸ்ஃபோல்ட் எதற்கு?

பதில்: லோயர் காட்டுவதற்கு, கேஸ்ஃபோல்ட் ஒப்பிடுவதற்கு. ஜெர்மனின் 'எஸ்ஸெட்' (ß) ஏற்கெனவே சின்ன எழுத்து என்பதால் லோயர் அதைத் தொடாது. ஆனால் அதைப் பெரிதாக்கினால் இரண்டு 'எஸ்' ஆகும். கேஸ்ஃபோல்ட் எஸ்ஸெட்டையும் இரட்டை 'எஸ்'ஸாகவே மாற்றிவிடுவதால் இரண்டும் சேரும் (3.3 பதிப்பு முதல் உண்டு). நீளமே மாறுகிறது பாருங்கள்! நீளம் வேறானால் உடனே 'இல்லை' என்று சொல்லும் ஜாவாவின் ஈக்குவல்ஸ்இக்னோர்கேஸ் இங்கே தோற்றுவிடும்.

கேள்வி: ஒவ்வொரு எழுத்தின் எண்ணோடும் 32ஐ ஆர் செய்தால் (அந்த ஒரு பிட்டை 1 ஆக்கினால்) ஒப்பீடு வேகமாக முடியும் என்கிறான் நண்பன்.

பதில்: ஆஸ்கி என்ற எழுத்து எண் பட்டியலில் பெரிய 'ஏ' 65, சின்ன 'ஏ' 97. ஒரே பிட்தான் வித்தியாசம், சரி. ஆனால் 91 சதுர அடைப்பு, 123 நெளி அடைப்பு. அவன் கோட் இரண்டையும் ஒன்றென்று சொல்லும். எழுத்துதானா என்று முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எஸ்க்யூஎல்லில் லோயர் போட்டதும் தேடல் மந்தமாகிவிட்டது அண்ணா.

பதில்: சாதாரண இண்டெக்ஸ் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) அங்கே உதவாது. போஸ்ட்கிரேஸில் லோயர் மீதே இண்டெக்ஸ் போடலாம். மைஎஸ்க்யூஎல்லில் கொலேஷன் (ஒப்பிடும் விதி) பெயர் 'சிஐ', அதாவது எழுத்தளவு பாராதது, என்று முடிந்தால் லோயரே தேவையில்லை.

கேள்வி: பாஸ்வேர்டுக்கும் இப்படிச் செய்யலாமா?

பதில்: கூடவே கூடாது.

கேள்வி: தமிழுக்குப் பெரிய எழுத்தே கிடையாதே, தப்பித்தோமா?

பதில்: இதில் தப்பித்தோம், வேறிடத்தில் சிக்கினோம். 'கொ'வில் வரும் ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம். கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஒப்பிட்டால் சேராது. இரண்டையும் என்எஃப்சி என்ற யூனிகோட் பொது வடிவத்துக்கு மாற்றிவிட்டு ஒப்பிடுங்கள். காலுக்குப் பதிலாக 'ர' தட்டி வைத்த பழைய கோப்புகளை மட்டும் என்எஃப்சியாலும் சேர்க்க முடியாது. அவற்றை உட்கார்ந்து திருத்த வேண்டியதுதான்.