கோப்பையின் அடிப்பாகம்

அன்புள்ள ஐயா,
லைகர்கஸ் கோப்பை என்ற பழைய ரோமானியக் கண்ணாடிக் கோப்பையைப் பற்றி ஒரு காணொளி பார்த்தேன். ரோமர்களுக்கு அன்றே நானோ தொழில்நுட்பம் தெரியும் என்கிறார்கள், உண்மையா? இத்தாலியின் ரவென்னா நகரத் தேவாலயச் சுவர்களில் சிறு துண்டுகளைப் பதித்துச் செய்த மொசைக் ஓவியங்களில் இருப்பது அசல் தங்கமா? ரோமின் தங்கக் கண்ணாடிகளும் கண்ணில் பட்டன. குழந்தை கிறுக்கியதுபோன்ற முகங்கள். இந்த உடைசல்களை ஏன் கொண்டாடுகிறார்கள்?
ச.

அன்புள்ள ச.,

கோப்பை அபாரமானது, மறுக்கவில்லை. நான்காம் நூற்றாண்டுப் பொருள். வெளியே ஒளி பட்டால் பச்சை, உள்ளே விளக்கு வைத்தால் சிவப்பு. கண்ணாடியில் கலந்த தங்கமும் வெள்ளியும் நுண்துகள்களாக நிற்பதே காரணம். செய்தவனுக்குத் துகள் தெரியாது, உலை தெரியும். ‘அன்றே தெரியும்’ என்ற பாட்டை நம் ஊரிலேயே போதுமான அளவு கேட்டாயிற்று, ரோமர்களையாவது விட்டுவிடுங்கள்.

உடைசல் என்றீர்களே, அங்கேதான் கோபம் வந்தது. கொஞ்ச நாளாக அவற்றைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். அவை குடிகலங்களின் அடிப்பாகங்கள். கண்ணாடி வட்டில் மெல்லிய தங்கத் தகட்டை ஒட்டி, ஊசிமுனையால் கீறி உருவம் வரைந்து, வேண்டாததைச் சுரண்டி எடுத்து, மேலே இன்னொரு கண்ணாடியைச் சூட்டோடு இணைத்தார்கள். உள்ளங்கையளவு இடம். அதில் கணவன், மனைவி, நடுவே இருவருக்கும் முடிசூட்டும் சின்னஞ்சிறு கிறிஸ்து. சிலவற்றில் பேதுருவும் பவுலும். யூதர்களுடையவற்றில் ஏழுகிளை விளக்கு. பலவற்றில் ‘குடி, வாழ்க’ என்ற வாழ்த்து.

என் பாட்டி கல்யாணச் சீராக வந்த பித்தளைச் சொம்பில் பெயர் வெட்டியிருந்தாள். எழுத்து கோணல்தான். யாரும் அதைச் சிற்பசாஸ்திரம் வைத்து அளக்கவில்லை.

அந்த அடிப்பாகங்களை ரோமின் நிலத்தடிக் கல்லறைகளில், உடலை வைத்து மூடிய பின் ஈரச் சுண்ணச்சாந்தில் பதித்தார்கள். வேண்டுமென்றே உடைத்தார்களா, உடைந்துபோனதை வைத்தார்களா என்று அறிஞர்கள் அடித்துக்கொள்கிறார்கள். எப்படியானாலும், செத்தவர் குடித்த கோப்பையாக இருக்கலாம், வரிசையாக ஒரேமாதிரி அடைத்த குழிகளில் தன் ஆளை அடையாளம் காணவும் உதவியிருக்கலாம். பிற்காலச் சேகரிப்பாளர்கள் பெயர்த்து எடுத்தார்கள். எந்தக் கல்லறையிலிருந்து என்று பெரும்பாலும் குறித்துக்கூட வைக்கவில்லை. சிலர் விளிம்பை அழகாகச் செதுக்கியும் விட்டார்கள். நீங்கள் முகத்தை மட்டும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவதும் அதே வேலைதான், தம்பி. விளிம்பைப் பாருங்கள். முறிவு எங்கே, சாந்து எங்கே ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். முகம் அப்புறம்.

மொசைக் கேட்டிருந்தீர்கள். அசல் தங்கம்தான். அதுவும் இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே வைத்த மெல்லிய தகடு. அங்கே பைசாந்தியப் பேரரசி தியோடோராவின் பின்னணியில் மின்னும் தங்கமும் இதே வித்தை, கல்லறைக்குப் பதில் அரசிக்கு.