கேள்வி–பதில்: இழுப்பறைப் பறவைகள்

கேள்வி: ஐயா, நான் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறேன். நூதனசாலையில் பறவைச் சேகரிப்புகளைப் பராமரிக்கும் ஆய்வாளராக வர ஆசை. "செத்த குருவிக்குக் காவல் இருப்பதும் ஒரு வேலையா?" என்று அம்மா கேட்கிறார். அந்த வேலை எப்படி இருக்கும்? இப்போதே என்ன செய்யலாம்?
– மாணவி, மாங்குளம்

பதில்: பிள்ளை, சிக்காகோ ஃபீல்ட் நூதனசாலையின் டேவிட் வில்லார்டைப் பற்றி அம்மாவிடம் சொல்லும். கட்டடக் கண்ணாடிகளில் மோதி இறந்த வலசைப் பறவைகளை அவர் 1978 முதல் விடியற்காலையில் போய்ப் பொறுக்கினார். காலெலும்பு, இறக்கை, எடை என்று தன் கையாலேயே அளந்து பேரேட்டில் எழுதினார். 2016 வரை சேர்ந்தவற்றில் ஆய்வுக்கு எடுத்தவை 70,716 பறவைகள். 2019இல் அந்தக் கணக்கை ஆராய்ந்தபோது, 52 இனங்களின் உடல் சிறுத்து வருவதும், பெரும்பாலானவற்றில் இறக்கை நீண்டு வருவதும் தெரிந்தன. பூமி சூடேறுவதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்கிறார்கள். அவர் பொறுக்கத் தொடங்கிய நாளில் இப்படியொரு கேள்வியே எழுந்திருக்கவில்லை. காவல் என்றால் இதுதான் காவல்.

நூதனசாலைப் பறவை கண்ணாடிக் கண் வைத்து நிற்பதல்ல. உடலை எடுத்துவிட்டுத் தோலுக்குள் பஞ்சு அடைத்து, இறக்கையை மடக்கி, இழுப்பறையில் மல்லாக்கக் கிடத்தியிருப்பார்கள். தோல் வண்டு, வெளிச்சம், ஈரப்பதம் மூன்றும் அதற்குப் பகை. அதே வண்டை வேறோர் அறையில் வளர்த்து, எலும்புக்கூடுகளைத் துப்புரவாக்கவும் பயன்படுத்துவார்கள். பழைய தோல்களில் ஆர்செனிக் பூசியிருக்கும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது.

ஆனால் உயிர்நாடி, காலில் கட்டிய சீட்டு. பறவைப் பிரிவில் வேலை செய்த காலத்தில் என்னை அதிகம் நோகவைத்தவை சீட்டு இல்லாத பறவைகள்தான். இறகு ஒன்றும் கெடாத செண்பகம். எங்கே, எப்போது என்பது இல்லை. அதை வைத்து எந்த ஆய்வைச் செய்வது? 1967இல் டெரெக் ராட்கிளிஃப் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் பழைய முட்டைச் சேகரிப்புகளை ஒப்பிட்டு, பிரிட்டனில் வல்லூறு முட்டைகளின் ஓடு 1940களின் கடைசியிலிருந்து மெலிந்துபோனதைக் காட்டினார். டிடிடி என்ற பூச்சிமருந்து முட்டை ஓட்டுக்குச் செய்த கேடு அப்படித்தான் பிடிபட்டது. முட்டைகளில் ஆண்டு எழுதப்பட்டிராவிட்டால் அதுவும் இல்லை.

படிப்புக்கு யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் இருக்கிறது. பிறகு முதுகலையும் ஆய்வும் வேண்டும், புள்ளியியலை விட்டுவிடாதேயும். இலங்கையில் இந்த வேலைக்கு இடங்கள் மிகக் குறைவு. அதை அம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

இப்போது செய்யக்கூடியது ஒரு குறிப்புப் புத்தகம். போர்க்காலத்தில் வெளி ஆய்வாளர்கள் வன்னிக்குள் வர முடியவில்லை. இரணைமடு, கட்டுக்கரைக் குளம், 2010இல் ராம்சார் தலமான (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம்) வங்காலை, 2015இல் தேசியப் பூங்காவான சுண்டிக்குளம் என்று எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது, நாமே எழுதாவிட்டால் வேறு யார் எழுதுவது? ஏ9 வீதியில் அடிபட்டுக் கிடக்கும் பறவையை வீட்டுக்குக் கொண்டுபோகாதேயும்; அனுமதியில்லாமல் வைத்திருந்தால் வனசீவராசிகள் சட்டப்படி குற்றமாகலாம். அருகில் அடிமட்டம் வைத்துப் படம் எடும். கண், அலகு, கால் ஆகியவற்றின் நிறத்தை உடனே குறித்துவிடும். இறந்தபின் முதலில் மங்குவது அவைதான். இடம் என்ற பகுதியில் வெறுமனே 'இரணைமடு' என்று எழுதினால் போதாது. வான் பக்கமா (மிகை நீர் வழியும் இடம்), துருசடியா (மதகடி), அலைகரையா (நீர் அலையடிக்கும் கரை) என்பதையும் சேர்த்து எழுதும்.