வீட்டுப் பத்திரத்தை அடகு வைக்க வேண்டாம், அம்மா

போன சனிக்கிழமை திருவெறும்பூரிலிருந்து நீங்களும் உங்கள் கணவரும் மகளை அழைத்துக்கொண்டு, என்ன படிக்கவைக்கலாம் என்று கேட்க என்னிடம் வந்தீர்கள். நாற்காலியில் உட்காருவதற்குள் கேட்டுவிட்டீர்கள்: "சார், ஏஐ டேட்டா சயின்ஸ் சீட்டுக்கு இப்பவே முன்பணம் கட்டிடணும்னு எங்க அண்ணன் சொல்றாங்க. வீட்டுப் பத்திரத்தை வெச்சிடலாமா?" உங்கள் பதற்றத்தைப் பார்த்து, நிதானமாக யோசிப்போம் என்று மட்டும் சொல்லி அனுப்பினேன். அது போதாது. வைக்காதீர்கள். இதைத்தான் அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும்.

உங்கள் அண்ணனின் அக்கறையில் எனக்குச் சந்தேகமில்லை. அவர் படித்த காலத்தில் அந்தப் பாதை அவரைக் கரைசேர்த்தது, அதையே தங்கை மகளுக்கும் சொல்கிறார். ஆனால் மேனேஜ்மென்ட் கோட்டா சீட்டுக்காக இருக்கிற ஒரே வீட்டைக் கடனில் தள்ளினால், நான்கு வருடம் கழித்து அந்தக் கடனோடு நிற்கப்போவது அவர் இல்லை. உங்கள் மகள்தான். அவளோ கோடிங் பிடிக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். பதினேழு வயதுப் பெண் மாமாவை மீறி அப்படிச் சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

அப்புறம் அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டினாளே ஒரு நோட்டு, அதை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை. 2025-இல் திருச்சி பஞ்சப்பூரில் பேருந்து முனையம் திறந்த பிறகு, உங்கள் பக்கத்திலிருந்து அங்கே போகும் டவுன் பஸ் எத்தனை மணிக்கு வருகிறது, அடுத்தது வர எவ்வளவு நேரம் ஆகிறது, எந்த நிறுத்தத்தில் நிழல் இல்லை என்று இரண்டு வாரம் நின்று குறித்திருக்கிறாள். நீங்கள் அதை வீண்வேலை என்றீர்கள். போக்குவரத்துத் திட்டமிடலில் முதலில் கற்றுத்தரும் வேலையே அதுதான் அம்மா.

2021-லிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. நீங்களும் அதில்தான் வேலைக்குப் போகிறீர்கள். கட்டணம் இல்லாவிட்டாலும் பஸ் முக்கால் மணி நேரத்துக்கு ஒன்றுதான் வந்தால் என்ன பயன்? ஊருக்கு வெளியே லேஅவுட் போட்டு வீடுகள் வந்துவிடும், பஸ் வராது, ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு வண்டி வாங்குவார்கள். வண்டி வாங்க முடியாத வீட்டுப் பெண் படிப்பை நிறுத்துவாள். சென்னைக்கு வெளியே கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தை 2023 டிசம்பர் 30 அன்று திறந்தபோது பக்கத்தில் ரயில் நிலையம் தயாராகவில்லை. பெட்டி படுக்கையோடு வந்தவர்கள் பட்ட பாடு எல்லோருக்கும் தெரியும். நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்ற முடிவும் மக்கள் எப்படிப் போய்வருவது என்ற முடிவும் ஒரே மேசையில் எடுக்கப்பட வேண்டும். அந்த மேசையில் உட்காரும் ஆட்கள் நம்மிடம் குறைவு. மத்திய அரசின் கொள்கை ஆலோசனை அமைப்பான நிதி ஆயோக் 2021-இல் வெளியிட்ட அறிக்கைப்படி, மாநிலங்களின் நகரமைப்புத் துறைகளில் 3,945 திட்டமிடுநர் பணியிடங்கள். அதில் 42 சதவீதம் காலி.

இந்தத் திட்டமிடல் வேலைக்கான இளநிலைப் படிப்பின் பெயர் பி.பிளான். நான்கு வருடம். பள்ளிகளில் யாரும் இதைச் சொல்வதில்லை என்பது எனக்கு நெடுநாள் வருத்தம். இதற்கான நுழைவுத் தேர்வு ஜேஇஇ மெயின் என்றதும் பயப்படாதீர்கள். இதற்கு எழுதவேண்டியது தாள் 2பி. அதில் இயற்பியலும் வேதியியலும் கிடையாது. கணிதம், பொதுத்திறன், திட்டமிடல் தொடர்பான கேள்விகள், அவ்வளவுதான். கட்டிடக்கலைப் படிப்பான பி.ஆர்க் தேர்வில் உள்ளதுபோல் படம் வரையும் தேர்வும் இல்லை. தமிழிலேயே எழுதலாம். பன்னிரண்டாம் வகுப்பில் கணிதம் படித்திருந்தால் போதும், அதனால் கணிதத்தோடு வணிகவியல் எடுத்த பிள்ளைகளும் எழுதலாம். டெல்லி, போபால், விஜயவாடா மூன்று ஊர்களிலும் மத்திய அரசின் திட்டமிடல், கட்டிடக்கலைப் பள்ளிகள் இருக்கின்றன. நமக்குப் பக்கம் விஜயவாடா. பி.பிளான் முடித்து போக்குவரத்துத் திட்டமிடலில் எம்.பிளான் என்ற மேற்படிப்பு செய்யலாம், டெல்லியில் அதற்குத் தனிப் பிரிவே உண்டு.

அங்கே என்ன செய்வாள்? சந்திப்பில் நின்று எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்புகிறது என்று எண்ணுவாள். வீடு வீடாகப் போய், எங்கிருந்து எங்கே, எதில், எவ்வளவு செலவில் போகிறீர்கள் என்று கேட்பாள். அதைக் கணினியில் வரைபடமாக்கி, புதுக் குடியிருப்பு எங்கே வரலாம், பஸ் எந்தத் தெருவில் திரும்பும், நடைபாதை எவ்வளவு அகலம் வேண்டும் என்று எழுதுவாள். சாலைகளுக்கான அளவுகளை வகுக்கும் இந்தியச் சாலைப் பேரவை நடைபாதைக்குக் குறைந்தது 1.8 மீட்டர் என்கிறது. உங்கள் தெருவில் அளந்து பாருங்கள். மத்திய அரசின் 2006-ஆம் ஆண்டு நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை, வாகனங்களை விட மக்களின் போக்குவரத்துக்கே முதலிடம் என்றது. 2014-இல் சென்னை மாநகராட்சி, நடப்பவர்களுக்கும் சைக்கிளில் போகிறவர்களுக்கும் என்றே தனிக் கொள்கை கொண்டுவந்தது. கொள்கை தாளில் இருக்கிறது. அதை ஒவ்வொரு ஊரின் முழுமைத் திட்டத்திலும் (மாஸ்டர் பிளான்) கொண்டுபோய்ச் சேர்க்க ஆள் வேண்டும்.

இதன் கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். வளாக நேர்முகத்துக்கு ஐம்பது கம்பெனி வரிசையில் நிற்காது. முதல் வேலை பெரும்பாலும் ஆலோசனை நிறுவனத்தில், வெயிலில் கணக்கெடுப்போடு தொடங்கும், சம்பளமும் அண்ணன் சொல்லும் தொகையாக இருக்காது. காலிப் பணியிடம் இருக்கிறது என்பதால் நாளைக்கே அரசு வேலை கிடைத்துவிடாது. டிஎன்பிஎஸ்சி எப்போது அறிவிக்கிறதோ அப்போதுதான். அதையும் உங்கள் மகளிடம் சொன்னேன், "பரவாயில்ல சார்" என்றாள்.

செலவில் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கட்டணம், விடுதி, ஊருக்கு வந்துபோகும் செலவு மூன்றையும் ஒரே தாளில் எழுதிக் கூட்டுங்கள். போதாததற்குக் கல்விக் கடன் வாங்கலாம். 4 லட்சம் வரை சொத்துப் பத்திரம் எதுவும் தேவையில்லை. அதைத் தாண்டினால் என்னிடம் வாருங்கள், வேறு வழி பார்ப்போம். அவளுக்கு இடம் கிடைக்காமல் போனாலும், நம் ஊரிலேயே சிவில் படித்துவிட்டு எம்.பிளானுக்குப் போகலாம். எப்படியானாலும் வீடு உங்கள் பெயரில் கடனில்லாமல் இருக்கட்டும்.

அண்ணனுக்கு இன்றைக்கே போன் செய்து முன்பணம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உங்களால் முடியாவிட்டால் எண்ணைக் கொடுங்கள், நான் பேசுகிறேன். ஜேஇஇ மெயின் விண்ணப்பம் திறந்ததும் படிவத்தில் பி.பிளான் என்பதைக் குறிக்க மறக்கவேண்டாம். அடுத்த சனிக்கிழமை அவளை அந்த நோட்டோடு அனுப்புங்கள், மாலை நேரத்து பஸ்களை அவள் இன்னும் கணக்கெடுக்கவில்லை.