கட்-ஆஃப் 189.5 இருந்தால் கிண்டியில் இடம் கிடைக்குமா?

உங்கள் மகளின் பொறியியல் கட்-ஆஃப் 189.5, பி.சி. பிரிவு, கிண்டி பொறியியல் கல்லூரியில் இடம் கிடைக்குமா என்று எழுதியிருக்கிறீர்கள், ரேங்க்கைச் சொல்லவில்லை. அப்படியானால் ரேங்க் பட்டியல் இன்னும் வரவில்லை, அதற்குள் உறவினர்கள் ஆளுக்கொரு ஜோசியம் சொல்லிவிட்டார்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். கணக்குக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று 200-க்குப் போட்ட அந்த எண்ணை மட்டும் பார்த்து எவரும் உறுதி சொல்ல முடியாது. மார்க் ஓர் ஆண்டு ஏறும், ஓர் ஆண்டு இறங்கும். 2021-ல் பிளஸ் டூ தேர்வே நடக்கவில்லை; மார்க்கில் பாதியைப் பத்தாம் வகுப்பிலிருந்து எடுத்துப் போட்டார்கள். அந்த ஆண்டுக் கட்-ஆஃபைப் பார்த்துப் பயந்தவர்கள் ஏராளம். முந்தைய ஆண்டுகளில் எந்த ரேங்க் வரை இடம் போனது என்று பாருங்கள்.

என் மகள் பொறியியல் கலந்தாய்வுக்கு நின்றபோது எங்கள் ஊர் 'ஆலோசகர்' ஒருவர், "கிண்டியையும் குரோம்பேட்டையையும் மேலே போட்டு வாய்ப்பை வீணாக்காதீர்கள் சார், இந்தக் கல்லூரியை முதலில் போடுங்கள்" என்று ஒரு தனியார் கல்லூரியின் கையேட்டை நீட்டினார். பணமும் கேட்டார். நான் ஒரு கோடு போட்ட நோட்டில் கல்லூரி, பாடப்பிரிவு, பொதுப் பிரிவில் கடைசி ரேங்க், பி.சி.யில் கடைசி ரேங்க் என்று எழுதிக்கொண்டு உட்கார்ந்தேன். பொதுப் பிரிவின் 31 சதவீத இடம் எல்லாச் சமூகத்துக்கும் உரியது. நம்மவர்கள் பலர் அந்தப் பத்தியைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. (இட ஒதுக்கீட்டுச் சண்டைக்கு என்னை இழுக்க வேண்டாம், விதியைத்தான் சொல்கிறேன்.)

விருப்பப் பட்டியலை கணினி மேலிருந்து கீழாகப் படிக்கும். முதலில் போட்டது கிடைக்காவிட்டால் அடுத்ததற்குப் போகுமே தவிர, ஆசைப்பட்டதற்கு அபராதம் கிடையாது. என் மகள் கிண்டி, குரோம்பேட்டை எம்.ஐ.டி., கோவை பி.எஸ்.ஜி., தியாகராசர் என்று மனதில் இருந்த வரிசையிலேயே போட்டாள். முதலில் மதுரை தியாகராசர் ஒதுக்கீடானது. அதை ஏற்றுக்கொண்டு, பட்டியலில் அதற்கு மேலே போட்டவற்றுக்குக் காத்திருப்பதாகக் கொடுத்தோம், எம்.ஐ.டி.யில் கருவியியல் வந்தது. ஆலோசகர் காட்டிய கல்லூரி பட்டியலின் அடியில் கிடந்தது.

ஒரு பிள்ளையை வைத்து ஊருக்கே விதி சொல்கிறீர்களா என்று சிலர் கேட்பார்கள். இல்லை, பட்டியல் போடும் முறையைத்தான் சொல்கிறேன். கணினி அறிவியலில் கிண்டி வேண்டுமென்றால் 189.5-க்கு நானும் ஆசை காட்டமாட்டேன்.

இயற்பியலில் என் மகளுக்குப் போன மார்க்குக்கு நான் அவளைக் குறை சொல்லவில்லை. அவள் படித்த பள்ளியில் பிளஸ் ஒன் பாடத்தைப் பெயருக்குத் தொட்டுவிட்டு, ஜூலையிலேயே பிளஸ் டூ புத்தகத்தைப் பிரித்தார்கள். விசையும் இயக்கமும் தெரியாத பிள்ளைக்கு மின்னோட்டம் எப்படிப் புரியும்? போய்க் கேட்டதற்கு, "ரிசல்ட்டைப் பாருங்கள் சார்" என்றார்கள். இப்போது அந்தப் பள்ளி வாசலில் தொங்கும் பேனரில் அவள் படமும் இருக்கிறது. எடுக்கச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். அடுத்த பேனரில் படத்தைப் பெரிதாக்கியிருக்கிறார்கள்.