சமூகத் திட்டங்களை மதிப்பிடும் பொருளாதார ஆய்வாளர் என்ன வேலை செய்கிறார்?

ஒரு திட்டம் வந்த பிறகு எவ்வளவு மாறியது, அது இல்லாமலேயே எவ்வளவு மாறியிருக்கும், இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பதுதான் வேலை. கிருஷ்ணகிரி மாந்தோப்பில் புது உரம் போட்ட வருஷம் காய்ப்பு கூடினால், காரணம் உரமா, மழையா? பாதித் தோப்புக்கு மட்டும் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். சரி, குடும்பங்களை அப்படிப் பிரிக்க முடியுமா? 2023-ல் தொடங்கிய மகளிர் உரிமைத்தொகைக்கு ஆண்டு வருமானம் 2.5 லட்சம் ரூபாய் என்று ஒரு கோடு உண்டு. அதற்குச் சற்றுக் கீழேயும் சற்று மேலேயும் இருக்கும் குடும்பங்கள் மற்றபடி ஏறக்குறைய ஒரே மாதிரிதான், அதனால் பாலக்கோட்டிலோ அரூரிலோ இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டால் மாதம் 1,000 ரூபாய் ஒரு வீட்டில் என்ன செய்கிறது என்பது பிடிபடும் (இந்த வேலையில் எனக்கு மிகவும் பிடித்த இடமே இதுதான்). அப்புறம், பலர் இதைத் தணிக்கை என்று நினைக்கிறார்கள். பணம் ஒழுங்காகச் செலவானதா என்று பார்ப்பது வேறு வேலை.