பேனரில் தமிழ் உடைகிறதா? காசு கொடுத்து எழுத்துரு வாங்காதீர்கள்

வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "என் சமையல் வலைப்பூவுக்கு நானே பேனர் செய்யலாம் என்று போட்டோஷாப்பில் உட்கார்ந்தேன். 'கொத்தமல்லி' என்று அடித்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் சிதறுகிறது. தெரிந்த டிசைனர் ஒருவர், விலைக்கு வாங்கும் தமிழ் எழுத்துரு இருந்தால்தான் சரியாகும், 300 டிபிஐயில் செய்து தர 3,000 ரூபாய் என்கிறார். கொடுக்கலாமா?"

கொடுக்காதீர்கள். கோளாறு எழுத்துருவில் இல்லை, மென்பொருளின் செட்டிங்கில் இருக்கிறது. எடிட் மெனுவில் பிரிஃபரன்சஸ், அதில் டைப் என்ற பகுதிக்குப் போங்கள். சில ஆண்டுகளுக்கு முந்தைய பதிப்புகளில் 'வேர்ல்டு ரெடி லேஅவுட்' என்று இருக்கும், அதைவிடப் பழையதானால் 'மிடில் ஈஸ்டர்ன் அண்ட் சவுத் ஏசியன்'. அதைத் தேர்ந்தெடுத்து, மூடித் திறந்து, புதிய கோப்பில் அடித்துப் பாருங்கள், கொம்பு தன் இடத்தில் வந்து உட்காரும். கோடிக்கணக்கானவர்கள் எழுதும் ஒரு மொழிக்கு இத்தனை காலமாக இப்படி ஒரு செட்டிங்கைத் தேடிப் பிடிக்க வைத்திருக்கிறார்கள், எனக்கு இதில் ஆறாத கோபம் உண்டு.

இந்தத் தொல்லையே வேண்டாம் என்றால் போட்டோஷாப் போலவே படம் திருத்தும் ஜிம்ப் மென்பொருள் இருக்கிறது. இலவசம், தமிழும் உடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ், மீரா இனிமை, பலூ தம்பி போன்ற எழுத்துருக்கள் கூகுள் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கின்றன. யாரோ பென் டிரைவில் தரும் கிராக் செய்த போட்டோஷாப்பை மட்டும் தொடாதீர்கள், அதோடு வைரஸும் வந்து சேரலாம்.

இன்னொரு பொறி பாமினி என்ற பழைய எழுத்துரு. அதில் 'அம்மா' என்பது கோப்புக்குள் mk;kh என்றுதான் இருக்கும், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் நாளை ஒரு சொல்லைத் திருத்தப் போனால் அந்தக் கிறுக்கல்தான் உங்களுக்கு மிஞ்சும், திரும்ப அதே டிசைனரிடம்தான் போய் நிற்க வேண்டும். எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடில் செய்யுங்கள்.

சரி, 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளி. திரைக்கு அந்த எண் ஒரு பொருட்டே இல்லை, பிக்சல் கணக்கு மட்டும்தான். உங்கள் பேனர் 1600-க்கு 400 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம், அது 72 டிபிஐ என்றாலும் 300 என்றாலும் திரையில் ஒன்றேதான். அச்சுக்குப் போனால் மட்டும் கணக்கு மாறும்: மூன்றரை அங்குலத்துக்கு இரண்டு அங்குல விசிட்டிங் கார்டுக்கு 300 வீதம் 1050-க்கு 600 பிக்சல் வேண்டும், அதாவது உங்கள் பேனர் அகலத்தில் போதும், உயரத்தில் போதாது, இழுத்துப் பெரிதாக்கினால் மங்கும். அதே படத்தை ஃப்ளெக்ஸில் போட்டால், தூரத்திலிருந்து பார்ப்பதால், 300 தேவையே இல்லை. ஆக கார்டு அடிக்கும் எண்ணம் இருந்தால் அதைத் தனியாகச் செய்யுங்கள், வலைப்பூ பேனருக்காக அந்த எண்ணுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

நீங்கள் உண்மையில் கவலைப்பட வேண்டியது போன். 1600 அகலப் படம் அங்கே 360 அளவுக்குச் சுருங்கும், 60 பிக்சல் உயர எழுத்து 13.5 ஆகிவிடும், யார் படிப்பது? தலைப்பை 150-க்குக் குறையாமல் வையுங்கள், துணை வரியை எடுத்தேவிடுங்கள். பின்னணிக்கு நீங்கள் சமைத்ததையே படம் எடுங்கள், கூகுளில் கிடைத்தது அடுத்தவர் சொத்து.

முடித்ததும் ஜேபெக்கில் 80 தரத்தில் சேமியுங்கள். பின்னால் திருத்த உதவும் ஜிம்பின் எக்ஸ்சிஎஃப் கோப்பைத் தனியாக வைத்திருங்கள். எப்போதாவது வேறு ஆளிடம் கொடுத்துச் செய்தாலும், எழுத்தும் படமும் தனித்தனி லேயராக, அதாவது அடுக்காக, இருக்கும் மூலக் கோப்பு கைக்கு வந்த பிறகே பணம் கொடுங்கள்.